வேர்க்காது என்று ஒரு சான்றிதழ்

வக்கீல் தன் கோட்டை முகர்ந்து பார்த்தார்.

சலவைக் கடையின் முன்மேசையில் அவள் கொக்கிக் கழியைத் தூக்கி, கூரையை ஒட்டி ஓடும் கம்பியிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை இறக்கி, மேசையில் போட்டு, ரசீதைக் கிழிக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கழியை ஆணியில் மாட்ட அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள். அப்போது அவருடைய கண் அவளது அக்குளுக்குப் போனது, அங்கிருந்து கோட்டுக்கு வந்தது, திரும்பவும் அக்குளுக்கே போனது. பிறகு கோட்டின் கையை மூக்குவரை கொண்டுபோனார்.

"இதை யாரும்மா தேச்சது?"

"உள்ளே ஆள் இருக்காங்க சார். எடுத்துக் குடுக்கறது மட்டும்தான் நான்."

"ம்" என்றார் வக்கீல். ஒரு முழு வழக்கையே அந்த ஒரு எழுத்தில் நடத்தி முடித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். பார்க்காமலே தெரியும். வெளிர் சாம்பல் நிறச் சீருடைச் சட்டை, இரண்டு அக்குளிலும் தட்டு அளவுக்கு நனைந்து, கருஞ்சாம்பலாகியிருந்தது. மணி காலை பத்துகூட ஆகவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே குளிர்காற்று. போகிறவர்கள் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். இவளுக்கு மட்டும் இரண்டு அக்குளிலும் தனியாக ஒரு கோடைகாலம்.

அந்தச் சலவைக் கடையில் அவளுக்கு 'மடிப்பக்கா' என்று பெயர். பின்கட்டில், நீராவி மேசைகளுக்கு நடுவே, பல வருடம் சட்டை தேய்த்தவள். அவள் மடித்த சட்டையைப் பிரிக்க மனசு வராது என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். பின்கட்டில் எல்லோருக்கும் வேர்க்கும். யாருடைய ஈரம் யாருடையது என்று பிரிக்க முடியாது. முன்மேசையில் நின்றிருந்த பெண் வேலையை விட்டுப் போனதும், முதலாளி இவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ஜன்னல், சுழல் நாற்காலி, நாலு பேரோடு பேச்சு. கால் வீக்கம்கூட வடிந்துவிட்டது. இதற்காகத்தான் இத்தனை வருடம் அந்த ஆவியில் வெந்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். முன்மேசை வேலை என்றால் நாளெல்லாம் கையைத் தூக்கிக் கழி பிடிக்கும் வேலை என்பது முதல் நாள்தான் உறைத்தது.

அவளிடம் தந்திரங்கள் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்காமல் இருந்தவள். அதனால் மந்தம் என்று பெயர் வாங்கியவள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்காமல் யார் மேலாவது விழுந்து திட்டு வாங்குவாள். சட்டைக்குள் பழைய துண்டைச் சதுரமாக வெட்டித் தைத்துப் பார்த்தாள்; அது கொஞ்ச நேரம் குடித்துவிட்டு, பிறகு மொத்தமாகத் துப்பியது. கடைசியில் கண்டுபிடித்தது கஞ்சி. சட்டைக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் கை உடம்பில் ஒட்டாமல் கூடாரம் மாதிரி விலகி நிற்கும், ஈரம் துணிக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன், "உன் சட்டையை வாசல்ல நிக்க வெச்சா அதுவே நடந்து வேலைக்குப் போயிட்டு வந்துடும்" என்பான்.

வக்கீல் போன கையோடு முதலாளி வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சில சொற்கள் அவர் வாயில் வராது.

"ஏம்மா மடிப்பு, அது... நம்ம கடைக்குன்னு ஒரு இது இருக்கில்ல?"

"எது முதலாளி?"

"அதாம்மா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? பலகையில என்ன எழுதி வெச்சிருக்கோம்? 'எந்தக் கறையும் போகும்'. அதுக்கு நேர் கீழ நீ நின்னுக்கிட்டு... அது..."

"வேர்வையா?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரும் கேட்டுவிடவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. "அடுத்த மாசம் முடியறதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்கோ. இல்லேன்னா பழையபடி உள்ளேயே போயிடு. என் மச்சினனும் சும்மாதான் இருக்கான், அவன் வந்து நிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எல்லாருக்குந்தான் வேர்க்கும்" என்றான்.

"எல்லாருக்கும் வேர்க்குது, எல்லாருக்கும் வேர்க்குது! எல்லாருக்கும் வேர்த்தா என்னை மட்டும் ஏன் உள்ளே போகச் சொல்றாரு?"

"நீ டென்ஷனாகற. அதான் வேர்க்குது. டென்ஷனாகாத."

டென்ஷனாகாதே என்று யாராவது சொன்ன அடுத்த நிமிடமே அவளுக்கு அக்குளில் குழாய் திறந்துகொள்ளும். அப்போதும் திறந்துகொண்டது.

வேறொரு தேசத்தில் இருக்கும் அவள் அக்கா தொலைபேசியில் இன்னும் விரிவாகவே வைத்தியம் சொன்னாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். போன வாரம் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவளும் இதே அக்காதான். எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டும். காபி கூடாது. கறுப்பு உடுத்த வேண்டும். அங்கிருந்து ஒரு வாசனைக் குப்பியும் அனுப்பியிருந்தாள். அதை அடித்துக்கொண்டு போன நாளில் பாய்லர் பார்க்கும் ஆள், எந்நேரமும் சீட்டியடிப்பதால் 'விசில்' என்று பெயர் வாங்கியவன், கதவைத் திறந்து தலையை நீட்டி, "மடிப்பக்கா, பூக்கடையில மழையா?" என்றான். வாசனை இருந்தது, ஈரமும் இருந்தது. வாசனை நாற்றத்தைத்தான் மூடும், வேர்வையை நிறுத்தாது என்று குப்பிமேல் எங்கேயும் எழுதவில்லை.

இரண்டாவது வாரம் தோல் டாக்டரிடம் போனாள். வெளியறைச் சுவர் முழுக்கப் படங்கள்: பளபளக்கும் கன்னம், முளைக்கும் தலைமுடி, மறையும் தழும்பு. அக்குளுக்கு ஒரு படம்கூட இல்லை. உலகத்தில் தனக்கு மட்டும்தான் இந்தச் சங்கடமோ என்று நினைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவில் இறுக்கி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மாள் நேராகக் கேட்டாள். "எப்பலேருந்து?"

"வயசுக்கு வந்த நாள்லேருந்து."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா? தூங்கறப்ப வேர்க்குமா?"

அவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தலையணை, போர்வை, இரவுச் சட்டை எல்லாம் காய்ந்துதான் இருக்கும். "தூங்கறப்ப இல்லீங்க. முழிச்சதும் அதுவும் முழிச்சுக்கும்."

"வீட்டில வேற யாருக்காவது?"

"அக்காகிட்ட கேட்டேன். இல்லேங்கறா."

தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்க இரத்தம் எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. "வேற வியாதியால வர்றது இல்லம்மா. சுரப்பிக்கு நரம்பு அளவுக்கு மீறி உத்தரவு போடுது. உங்க தப்பு ஒண்ணுமில்ல. டென்ஷன்ல கூடும், ஆனா டென்ஷனால வந்தது இல்ல" என்றாள் டாக்டர். இந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிப் புருஷன் முகத்தில் ஒட்டவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

முதலில் ஒரு பூச்சு மருந்து. அலுமினிய உப்பு கலந்தது, துவாரத்தை அடைக்கும். "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, நல்லா காஞ்ச தோல்ல தடவணும். காலையில கழுவிடணும். காஞ்ச தோல், ஞாபகம் இருக்கட்டும். ஈரம் இருந்தா எரியும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போய் மருந்தைக் கையில் எடுத்ததும் தொழில் புத்தி குறுக்கே வந்தது. சலவையில் காய்ந்த துணிமேல் மருந்தை ஊற்றுகிறவன் கத்துக்குட்டி. வட்டம் விழுந்து வரம்பு கட்டிவிடும். முதலில் நனை, பிறகு மருந்து, பிறகு அழுத்தித் தேய். இத்தனை வருடம் கை பழகியது இது. டாக்டர் படித்தவள்தான், ஆனால் மருந்து எப்படி இறங்கும் என்று துணியோடு மல்லுக்கட்டிய தனக்குத் தெரியாதா? அக்குளை நனைத்து, மருந்தைத் தாராளமாக ஊற்றி, காலர் அழுக்குக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டுப் படுத்தாள்.

நடுராத்திரியில் எழுந்து சமையலறைக் குழாயடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "என்ன ஆச்சு?" என்று வந்த கணவனிடம், "டென்ஷனாகாத, போய்ப் படு" என்றாள்.

மறுநாள் இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு, பயில்வான் மாதிரி கடைக்குள் வந்தாள். விசில் சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டு, "யாரை அடிக்கப் போறீங்கக்கா?" என்று கேட்டான்.

"நீதான் முதல்ல. அப்படியே நில்லு."

டாக்டரம்மாள் புண்ணைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "காஞ்ச தோல்னு ரெண்டு தடவை சொன்னேனேம்மா!"

"காஞ்சதுமேல மருந்து விட்டா வட்டம் விழும் டாக்டர்."

"எதுல?"

"துணியில."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதக் குனிந்தாள். "இதைத் துவைக்கப் போறீங்களா, வைத்தியம் பண்ணப் போறீங்களா?"

புண் ஆற ஒரு களிம்பு, கொஞ்ச நாள் ஓய்வு. பிறகு சொன்னபடியே செய்தாள்: துடைத்து, மின்விசிறிக்கு நேரே கையைத் தூக்கி நின்று, நன்றாகக் காயவைத்து, மெல்லிசாகத் தடவி. கணவன் அதைப் பார்த்து, "யாராவது துப்பாக்கி காட்டறாங்களா?" என்றான். பலன் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தட்டு அளவு ஈரம் கிண்ண அளவாகச் சுருங்கியது. ஆனால் சாம்பல் சட்டையில் கிண்ணமும் தெரியத்தான் செய்தது. சாம்பலுக்குப் பதில் வெள்ளையோ கருநீலமோ கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். பலகையும் சாம்பல், ரசீதும் சாம்பல், வண்டியும் சாம்பல், சட்டைக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா என்றார் அவர்.

அடுத்தது மாத்திரை. அது வேர்வையைக் குறைத்தது, கூடவே எச்சிலையும் குறைத்தது. முன்மேசையில் நின்று, "உங்க துணி ரெடி" என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் தங்களை முறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். எழுத்துகள் மங்கி, ரசீது எண்ணைத் தப்பாகப் படித்து, ஒருத்தர் கால்சட்டையை இன்னொருத்தருக்குக் கொடுத்தாள். மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டர், மிச்சமிருக்கும் வழிகளைச் சொன்னாள். மார்புக்குள் போய் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அதில் அக்குள் காயும். ஆனால் முதுகிலோ வயிற்றிலோ புதிதாகப் பெருக்கெடுக்கலாம். அதனால் அது கடைசியிலும் கடைசி.

"இங்கேருந்து அங்க தள்ளி விடறதா? கறையை ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போச்சுன்னு சொல்ற மாதிரி."

"அதனாலதான் உங்களுக்கு அது வேண்டாங்கறேன். வேர்வைச் சுரப்பியைச் சூடு வெச்சு அழிக்கிற மெஷினும் இருக்கு, எங்ககிட்ட இல்ல. ஊசி போட்டுக்கறீங்களா? நரம்போட உத்தரவு சுரப்பிக்குப் போய்ச் சேராம தடுக்கும். சில மாசம் தாங்கும். அப்புறம் மறுபடி போட்டுக்கணும்."

கணவன் காப்பீட்டுக்காரர்களுக்கு ஃபோன் போட்டான். அழகு சிகிச்சைக்குத் தர மாட்டோம் என்றார்கள். அவன் ரொம்ப நேரம் காத்திருந்து, மூன்று பேரிடம் அதே கதையைச் சொல்லி, கடைசியில் பொறுமை போய்க் கத்தினான்: "அக்குள்ல என்னய்யா அழகு? யாருய்யா பாக்கப் போறா?" ஃபோனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பியபோது அவன் சட்டையும் நனைந்திருந்தது. "ஃப்ரிட்ஜ் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அதற்குமேல் டென்ஷனைப் பற்றி அவன் பேசவில்லை.

ஊசி போட்டது முதலாளி கொடுத்த கெடுவின் கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம். முதலில் எந்த இடத்தில் வேர்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். டாக்டர் அக்குளில் பழுப்பாக அயோடின் பூசினாள். அது காய்ந்ததும் வெள்ளையாக ஸ்டார்ச் மாவு தூவினாள். கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுத்திருந்தாள் இவள். கொஞ்ச நேரத்தில் மாவில் கருநீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பின, பெருகின, ஒன்றோடொன்று கூடி மேகமாகின.

"கறுத்து வர்ற இடமெல்லாம் வேர்வை" என்றாள் டாக்டர்.

"இது எனக்குத் தெரியும் டாக்டர்!" என்றாள் அவள், அந்த இடத்துக்கு வந்தபிறகு முதல்முறையாகச் சந்தோஷமாக. "ஆஸ்பத்திரி கோட்டுங்க எங்ககிட்ட வரும். அயோடின் பட்டது தெரியாம கஞ்சியில முக்கிட்டோம்னா இப்படித்தான் நீலமாப் போகும்."

"அதேதான்." டாக்டர் பேனாவால் கட்டம் கட்டிக்கொண்டு குத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு குத்தும் எறும்புக்கடி அளவுதான். ஆனால் ஓர் எறும்புப் புற்றே அக்குளில் குடியேறியது போலிருந்தது. முடிந்ததும் நர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டாள். கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்கும், குளித்தால் போய்விடும் என்றாள். டாக்டர் சொன்னது: பலன் தெரியச் சில நாளாகும். இன்று தேய்க்காதே, சூட்டில் நிற்காதே.

கடையில் பாதி நாள்தான் அனுமதி வாங்கியிருந்தாள். அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பேருந்தைத் துரத்திப் பிடித்து, நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து, கழியை எடுத்தாள். தெரிந்த விஷயம் சில சமயம் தெரிந்த இடத்தோடேயே தங்கிவிடுகிறது. டாக்டரிடம் அத்தனை பெருமையாகச் சொன்னவளுக்கு, தான் போட்டிருப்பது கெட்டியாகக் கஞ்சி போட்ட சட்டை என்பது மட்டும் நினைவுக்கு வரவேயில்லை.

எதிரே மூன்று பேர் நின்றிருந்தார்கள். திரைச்சீலை மூட்டையோடு ஒரு பெரியம்மா, ஒரு மாணவன், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண். அவள் கையை உயர்த்தினாள்.

"அய்யோ, பேனா உடைஞ்சிடுச்சா?" என்றாள் பெரியம்மா.

"அக்குள்ல யாராவது பேனா வெப்பாங்களா?" என்றான் மாணவன்.

அவள் பார்த்தாள். இரண்டு பக்கமும், மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி, கருநீலம். விளிம்பில் ஊதா. நடுவில் ஏறக்குறைய கறுப்பு. இடுப்புக் குழந்தை அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தது. பெரியம்மா பலகையை ஒருமுறை படித்துவிட்டு, கேலியில்லாமல், நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்: "இது போகுமா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பார்த்தார். தன் சொத்தெல்லாம் தீப்பற்றிக்கொண்ட மாதிரி நின்றார். "உள்ளே போம்மா. உள்ளே போ. அது... என்னது அது..."

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இத்தனை வருடம் விலாவில் இறுக்கிவைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"வேர்வை முதலாளி. வேர்வை! எனக்கு அக்குள்ல அளவுக்கு மீறி வேர்க்கும். சின்ன வயசுலேருந்து. பூச்சு போட்டேன், வெந்து போச்சு. மாத்திரை சாப்பிட்டேன், நாக்கு ஒட்டிக்கிச்சு. இப்ப ஊசி போட்டுட்டு வரேன், இந்த வேலைக்காக. இது அதுக்கு முன்னாடி தடவின அயோடின். சட்டையில இருக்கற கஞ்சியில பட்டு நீலமாயிடுச்சு. போதுமா?" பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "போகும்ங்க. இதுக்குன்னு மருந்து இருக்கு. உங்க திரையைக் குடுங்க" என்றாள்.

முதலாளியின் முகம், அவள் நடுக்கடையில் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி சிவந்திருந்தது. "நாளையிலேருந்து உள்ளே நில்லு" என்றார் மெதுவாக. "இன்னிக்கு..."

"இன்னிக்குச் சூட்டில நிக்கக் கூடாதாம்."

"அப்ப வீட்டுக்குப் போ."

அன்று சாயங்காலம் அக்கா வீடியோ காலில் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் கேட்டு "அடப்பாவமே, அடப்பாவமே" என்றாள். பிறகு, "அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?" என்றாள்.

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் ஊசியைப் பத்திக் கேக்க மாட்டாங்க. அக்கா, நீ எதுக்கு எப்பப் பாத்தாலும் சால்வை போத்திக்கிட்டே ஃபோன்ல வர்ற?"

"இங்க குளிரு."

"வீட்டுக்குள்ளயா?"

அக்கா சால்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன்னளவுக்கு இல்லடி. கொஞ்சந்தான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இவள் கேட்டபோது தனக்கு 'இல்லை' என்றவள் அக்கா. எலுமிச்சம்பழம் தேய் என்றவள். கறுப்பு உடுத்து என்றவள். அக்காவின் அலமாரியைத் திறந்தால் கறுப்பைத் தவிர வேறு என்ன இருக்கும்? "உனக்கும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பள்ளிக்கூடத்துலேயே நான் ஒரு தடவையாவது கையைத் தூக்கியிருப்பேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். மறுநாள் டாக்டரின் பெயரையும் ஊசியின் பெயரையும் அக்காவுக்கு அனுப்பினாள். திட்டையும் சேர்த்தே அனுப்பினாள்.

பின்கட்டு அவளைப் பழையபடி விழுங்கிக்கொண்டது. ஆவி, இரும்புச் சூடு, ஈரத்துணி வாடை. நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் சட்டை மலையின் நடுவே நின்றபோது ஏதோ குறைவதுபோலத் தோன்றியது. நெற்றியில் வழிந்தது, முதுகில் வழிந்தது, முழங்காலுக்குப் பின்னால்கூட வழிந்தது. கையை விட்டு அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பாய்லருக்குப் பக்கத்தில், இந்தக் கொதியில், ஒரு பொட்டு ஈரமில்லை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஊரே பார்க்கும் இடத்தில் நின்றபோது ஊற்றெடுத்த அக்குள், யாரும் பார்க்காத இடத்துக்கு வந்ததும் பாலைவனமாகிவிட்டது. விசிலைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் சீட்டியடித்தான். "போய் முதலாளிகிட்ட காட்டுங்க. என்கிட்ட காட்டி என்ன பிரயோஜனம்?"

முதலாளி கணக்குப் பொறியிலிருந்து தலை நிமிரவில்லை. "நல்லதுதாம்மா. ஆனா நாளைக்கு மறுபடி ஆரம்பிச்சா? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடு. இனிமே... அது... வராதுன்னு."

மறுபடியும் அந்த வெளியறை, மறுபடியும் பளபளக்கும் கன்னம். டாக்டரம்மாள் விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மேசையில் போட்டாள்.

"வேர்க்காதுன்னு சர்ட்டிஃபிகேட்டா? அதைச் செத்துப்போனவங்களுக்குத்தாம்மா குடுக்க முடியும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"சிகிச்சை எடுத்திருக்காங்க, நல்ல பலன் இருக்கு, சில மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும்னு எழுதித் தரேன். வராதுன்னு என்னால எழுத முடியாது. உங்க முதலாளிக்கு வேர்க்காதா?"

அதை மட்டும் எழுதித் தரச் சொல்லலாமா என்று தோன்றியது அவளுக்கு. ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டாள். எத்தனை தாள் கொண்டுபோனாலும் இந்த மனுஷன் இன்னொரு தாள் கேட்பார்.

நேராக முன்மேசைக்குப் போனாள். மச்சினன் சுழல் நாற்காலியில் சாய்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் முதலாளி. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

"டாக்டர் எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க. வேர்க்காதுன்னு செத்தவங்களுக்குத்தான் எழுதுவாங்களாம். நீங்களே பாத்துக்கோங்க."

"கையை இறக்கும்மா. யாராவது பாத்தா..."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் தூக்கியிருக்கேன்."

முதலாளி கணக்குப் பொறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"நனைஞ்சிருந்தப்ப தினம் பாத்தீங்களே முதலாளி. காஞ்சிருக்கறப்ப ஒரு தடவை பாத்தா என்ன?"

மச்சினன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். "காஞ்சுதான் இருக்கு மாமா. இவங்களையே நிக்க விடுங்க. கழி தூக்கித் தூக்கி எனக்குத் தோளே கழண்டு போச்சு."

"நீ சும்மா இருடா." முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அது சரி, ஊசி வேகம் போனதும்?"

"போனா மறுபடி போட்டுக்குவேன். போட்டுக்கற வரைக்கும் வேர்க்கும். வேர்த்தாலும் இங்கதான் நிப்பேன். கேக்கறவங்ககிட்ட வேர்வைன்னு நானே சொல்லிக்கறேன், உங்களுக்குச் சொல்ல வராது."

கை வலிக்க ஆரம்பித்தது. அவள் இறக்கவில்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவளைக் கண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று தயங்கினார்.

முதலாளி கடைசியில் நிமிர்ந்தார். ஒரு கணம்தான். இடப்பக்கம், வலப்பக்கம். பார்த்துவிட்டார்.

"சரி" என்றார். "நில்லு. கையை இறக்கிட்டு நில்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மச்சினன் நாற்காலி சூடு ஆறுவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். அவள் உட்கார்ந்து, கம்பியை அண்ணாந்து பார்த்தாள். ஒரே கொக்கியில் மூன்று கோட்டு. ரசீது எண் இல்லாமல் ஒரு புடவை. யாரோ ஒருத்தர் சட்டையோடு வேறு யாருடைய மனைவியின் பாவாடையோ. வாடிக்கையாளர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து சீட்டை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இதை மாட்டினவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."